வானவழியும் சாலைவழியும்



பழந்தமிழில் பயணத்துக்குச் 'செலவு' என்று ஒரு பெயர் உண்டு. செல்லுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் புறப்பாட்டைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்று நம் முன்னோர் வழங்கினர். பின்னாளில் அதே சொல், கையைவிட்டுச் செல்லும் பொருளைக் குறிக்கலாயிற்று. இன்று செலவு என்றதும் பணம்தான் நம் நினைவுக்கு வருகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது. பயணம் எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை நாம் பணமாகச் செலுத்துகிறோம். நேரமாகவும், உடல் அலுப்பாகவும் செலுத்துகிறோம். சில வேளைகளில் உயிராகவும் செலுத்துகிறோம்.

வானத்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரத்தைத் தம் சொந்தக் காரில் ஐந்து மணி, ஆறு மணி நேரம் ஓட்டிச் சென்று கடப்பவர்கள் இன்று நம் நாட்டில் பலர். இவர்கள் விமானக் கட்டணம் செலுத்த வசதியற்றவர்கள் அல்லர். விமானத்தைக் கண்டு அஞ்சுபவர்களும் அல்லர். எனினும், "விமானமா? அந்தத் தொல்லை வேண்டாம், காரிலேயே போய்விடலாம்" என்று தீர்மானித்து விடுகிறார்கள். வேகம் மிகுந்த ஊர்தி காத்திருக்க, வேகம் குறைந்த ஊர்தியை மனிதன் விரும்பித் தேர்ந்தெடுப்பது எதனால்? இந்த வினாவுக்கு விடை காண, நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அதற்கு முன், என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு நாள், தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கு அலுவல் நிமித்தம் செல்ல வேண்டியிருந்தது. சாலை வழியாகத் தூரம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நான் காலை ஒன்பது மணி விமானத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். என்னுடன் வரவேண்டிய நண்பரோ, தம் தாயார் பிறந்த ஊர் அதுவாதலால், அவரையும் அழைத்துக்கொண்டு காரில் வருவதாகக் கூறிவிட்டார். நான் விடியுமுன் ஐந்தரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். தில்லியின் மார்கழி, தை மாதப் பனிமூட்டத்தை அறியாதவர் இலர். விமானம் தாமதம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. பின்னர் மீண்டும் தாமதம் என்று மற்றோர் அறிவிப்பு. சோதனைகளெல்லாம் முடிந்து உள்ளே அமர்ந்துவிட்டமையால் வெளியே வரவும் மனமில்லை. ஒன்றரை மணிக்கு விமானம் எழும்பியது. நான் ஜெய்ப்பூரில் தங்குமிடம் சேர்ந்தபோது மணி நான்கு. நண்பர் ஒன்பதரை மணிக்கு, வெயில் முகம் காட்டிய பின் புறப்பட்டு, வழியில் தாயாருக்கு வேண்டிய இடங்களிலெல்லாம் நிறுத்தி, மூன்று மணிக்கே வந்து சேர்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சாலை என்பது தொன்மையானதோர் ஏற்பாடு. அசோகச் சக்கரவர்த்தி தம் தூண் கல்வெட்டு ஒன்றில், வழியோரங்களில் ஆலமரங்களை நடுவித்ததையும், மாந்தோப்புகள் அமைத்ததையும், கிணறுகள் வெட்டி இளைப்பாறும் இடங்கள் ஏற்படுத்தியதையும் குறிப்பிட்டுள்ளார். அவருக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1540 முதல் 1545 வரை வடநாட்டை ஆண்ட ஷேர்ஷா சூர், வங்காளத்துச் சோனார்காவ்ங்கிலிருந்து சிந்துநதி வரை நெடுஞ்சாலையைச் செப்பனிட்டார். இரண்டு குரோசத்துக்கு ஒன்றாகச் சத்திரங்கள் கட்டுவித்தார் என்றும், அவ்வாறு அவர் அமைத்த சத்திரங்கள் 1,700 என்றும் அவர் வரலாற்றை எழுதிய அப்பாஸ் கான் சர்வானி கூறுகிறார். குரோசம் என்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அப்படியானால், நடந்து செல்பவன்கூட ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சத்திரத்தைக் கண்டிருப்பான். நடப்பதைப் போலவே நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதி என்பதை அம்மன்னர் உணர்ந்திருந்தார். வேண்டும்போது நிற்கலாம், வேண்டும்போது புறப்படலாம் என்னும் இந்த உரிமையே சாலைப் பயணத்தின் ஆதி இயல்பு. இதனை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி வானவழிக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சு இளைஞர், அலகாபாத்தில் நடைபெற்ற பொருட்காட்சித் திடலிலிருந்து சுமார் 6,500 கடிதங்களுடன் ஒரு சிறு விமானத்தில் எழும்பி, யமுனையைக் கடந்து, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால் அதுவே. அதன்பின் 21 ஆண்டுகள் கழித்து, 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாக, அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையின் ஜுஹூ திடலில் இறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் அந்த விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல், டின்களில் அடைக்கப்பட்டு மாட்டு வண்டியில் வந்தது என்பர். புதிய ஊர்தி பழைய ஊர்தியின் தயவில் பறந்த காலம் அது!

அக்காலத்து விமானத் துறையில் வானம்தான் கடினமாக இருந்தது; தரை மிக எளிதாக இருந்தது. வானொலி வழிகாட்டல் இல்லை. ஓடுபாதை என்பது வெறும் மண் திடல். மழைக்காலத்தில் ஜுஹூ திடல் சேறாகிவிடும். விமானிக்குத் தொல்லைகள் பல. ஆனால் ஏறுபவனுக்குத் தரையில் ஒரு தொல்லையும் இல்லை. தில்லியின் வில்லிங்டன் திடல், பின்னாளில் சப்தர்ஜங் என்று பெயர் பெற்றது, நகரை ஒட்டியே இருந்தது. ஐதராபாத்தின் பேகம்பேட்டையும் நகரினுள் அடங்கியதே. சீட்டைக் காட்டி, மூட்டையை நிறுத்துக் கொடுத்து, திடலின் குறுக்கே நடந்து சென்று ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் 1949-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், இரவு விமானத் தபால் திட்டம் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள், நாட்டின் நடுவிலுள்ள நாகபுரியில் நள்ளிரவில் கூடும். தபாலையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பும். மாலையில் ஒரு நகரில் பெட்டியில் இட்ட கடிதம் மறுநாள் மற்றொரு நகரில் கிடைத்தது. இந்த ஏற்பாட்டைப் பிற நாட்டாரும் வியந்து நோக்கினர். 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது. எட்டு விமான நிறுவனங்கள் அதன்வழி ஒன்றிணைந்தன. விமானத்தில் செல்வது அன்று மிகச் சிலருக்கே இயன்றது. ஆனால் இயன்றவர்க்கு அது ஐயத்துக்கு இடமின்றி விரைவான வழியாக இருந்தது.

காரணம், சாலையின் அன்றைய நிலை. ஜெயகர் குழு 1928-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன்படி 1929-இல், பெட்ரோல் வரியிலிருந்து மத்திய சாலை நிதி ஏற்பட்டது. 1934-இல் இந்தியச் சாலைப் பேரவை அமைந்தது. 1943-இல் நாடெங்கிலுமுள்ள தலைமைப் பொறியாளர்கள் அதே நாகபுரியில் கூடி, இருபது ஆண்டுகளுக்கான சாலைத் திட்டம் ஒன்றை வகுத்தனர். ஊர்களைக் கிராமச் சாலை, மாவட்டச் சாலை, மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை என்று படிப்படியாக இணைக்கும் முறை அங்கேதான் உருப்பெற்றது. திட்டம் சிறந்ததே. ஆயினும் பாலம் அமையாத ஆறுகள் பல. இரு வண்டிகள் விலக இடமில்லாத பாதைகள் பல. மூடிய ரயில்வே கேட்டின் முன் அரைமணி நேரம் காத்திருத்தல் சாதாரணம். காருக்கும் பஞ்சம். லைசென்சு முறையின் கீழ் உற்பத்தி அளவாகவே நடந்தது. பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து அம்பாசடரையோ, பியட்டையோ பெற்றவர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். நெடுந்தூரம் காரில் செல்வது அந்நாளில் ஒரு துணிகரச் செயலாகவே கருதப்பட்டது.

ஆக, 1960-க்குச் சற்று முன்பின்னாக நம் பயணி ஒருவன் தராசைத் தூக்கியிருந்தால், விமானத் தட்டே தாழ்ந்திருக்கும். பின்னர் அத்தராசு எவ்வாறு அசைந்தது? மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம். மூன்றும் வானத்தில் நிகழ்ந்தவை அல்ல, தரையில் நிகழ்ந்தவை.

முதலாவது காரணம் அச்சம். 1971-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற 'கங்கா' என்னும் இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. பயணிகள் விடுவிக்கப்பட்டனர், விமானம் எரிக்கப்பட்டது. உலகெங்கும் இத்தகைய கடத்தல்கள் மலிந்திருந்த காலம் அது. அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் பயணிகள் அனைவரையும் சோதித்தல் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் சோதனை முறைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1982-இல் கடத்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். மூட்டைகளில் மறைந்திருக்கக்கூடிய ஆபத்தை உலகம் அன்று உணர்ந்தது. 1999 டிசம்பர் 24-இல் காட்மாண்டிலிருந்து தில்லிக்கு வந்த விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டதன் பின், விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்படலாயிற்று. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில்தான் அது தொடங்கியது. 2001 செப்டம்பர் 11-இன் பின் கத்தரிக்கோலும் சிறு கத்தியும் தடுக்கப்பட்டன. காலணிக்குள் வெடிமருந்து வைத்து வந்த ஒருவன் அதே ஆண்டு டிசம்பரில் பிடிபட்டதன் பின் காலணியும் சோதனைக்கு உள்ளாயிற்று. 2006-இல் லண்டனில் வெளிப்பட்ட ஒரு சதியின் பின், பன்னாட்டுப் பயணங்களில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் கொண்டுசெல்லத் தடை வந்தது.

ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு துயரமோ, மயிரிழையில் தப்பிய ஒரு பேராபத்தோ இருக்கிறது. வரிசையில் நின்று அலுத்துக்கொள்ளும்போது இதனை நாம் மறத்தலாகாது. ஆயினும், விதிகள் சேர்ந்தனவேயன்றிப் பெரும்பாலும் குறையவில்லை என்பதும் உண்மையே. 2024 அக்டோபரில், சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியிலுள்ள தேங்காயைக் கைப்பையில் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக அனுமதி அளிக்கப்பட்டது. ஒரு தேங்காய் உடன்வர அரசாங்க உத்தரவு வேண்டியிருக்கும் பயணத்துக்கும், டிக்கியில் ஒரு மூட்டைத் தேங்காயைப் போட்டுக்கொண்டு புறப்படும் பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நேயர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் தொலைவு. பெரிய விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும், நகரினுள் இடமில்லை. ஆகவே விமான நிலையங்கள் ஊரைவிட்டு விலகிச் சென்றன. தில்லியில் பயணிகள் போக்குவரத்து 1962-இல் சப்தர்ஜங்கிலிருந்து பாலத்துக்கு மாறியது. ஐதராபாத்தில் 2008 மார்ச்சில் பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்கும், பெங்களூருவில் அதே ஆண்டு மே மாதத்தில் பழைய நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்கும் மாறியது. தேவனஹள்ளி நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நகரின் தென்கோடியில் வசிப்பவர் ஒருவர் அங்கு சென்று சேர எடுக்கும் நேரத்தில், விமானம் ஐதராபாத்தையே எட்டிவிடும்.

மூன்றாவது காரணம் கூட்டம். இதனைக் குறையாகச் சொல்லுதல் நியாயமன்று. 1994-இல் பழைய விமானச் சட்டம் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2003-இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய மலிவுக் கட்டண விமானச் சேவை, சாமானிய மக்களையும் வானில் ஏற்றியது. 2017 ஏப்ரலில், சிற்றூர்களை இணைக்கும் 'உடான்' திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. 2024-ஆம் ஆண்டில் உள்நாட்டு விமானங்களில் சென்றோர் 16 கோடிக்கும் மேற்பட்டோர். சிலரின் சொத்தாக இருந்தது பலரின் வசதியானது நம் காலத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் பலர் கூடுமிடத்தில் வரிசை நீளும். 'இரண்டு மணி நேரம் முன்னதாக வருக' என்னும் அறிவுரையும் வரும்.

வானவழியின் தரைப்பகுதி இவ்வாறு நீண்டுகொண்டிருந்த அதே காலத்தில், சாலை தன் குறைகளைக் களைந்துகொண்டிருந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி கார் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் எட்டக்கூடிய பொருளாயிற்று. 1998-இல், தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் நீளம் 5,846 கிலோமீட்டர். 2002-இல் மும்பை – புனே விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் 'பாஸ்டேக்' கட்டாயமாகி, சில்லறைக்காக நின்ற வரிசைகள் குறைந்தன. 2025 ஜூனில், மும்பையையும் நாகபுரியையும் இணைக்கும் 701 கிலோமீட்டர் நீளமுள்ள 'சம்ருத்தி' விரைவுச் சாலை நிறைவுற்றது. 1943-இல் சாலைத் திட்டம் வகுக்கப்பட்டதும், 1949-இல் நள்ளிரவு விமானங்கள் கூடியதும் அதே நாகபுரியில்தான் என்பது நினைக்கத்தக்கது.

இப்பொழுது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு, முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு பெருநகரங்களை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே காத்திருப்பு இரண்டு மணி. வானில் ஒரு மணி. இறங்கி மூட்டையைப் பெற அரை மணி. ஊருக்குள் செல்ல மேலும் ஒரு மணி. ஆக ஐந்தரை மணி நேரம். காரில் சென்றால், உணவுக்கு நிறுத்தும் நேரம் உட்பட ஆறு மணி. வேகத்தில் பத்து மடங்கு வேறுபாடுள்ள இரு ஊர்திகள், வாசலிலிருந்து வாசலுக்கு அளந்தால், அரைமணி வேறுபாட்டில் வந்து நிற்கின்றன! தூரம் எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஆகுமானால் இக்கணக்கு தலைகீழாகும். அப்போது விமானத்தை விடுவது அறிவுடைமை ஆகாது. இடைப்பட்ட தூரங்களுக்கு நம் ரயில் இருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் அது தனியே பேசவேண்டிய பெரும் பொருள்.

நேரக் கணக்கு மட்டுமே காரணமன்று. விமானத்தில் ஐவருக்கு ஐந்து சீட்டு வேண்டும்; காரில் ஒருவர் சென்றாலும் ஐவர் சென்றாலும் பெட்ரோல் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஊறுகாய் ஜாடிக்கும், மாம்பழக் கூடைக்கும் நிறை பார்ப்பார் இல்லை. மூட்டு வலியுள்ள பாட்டியார் நீண்ட தாழ்வாரங்களில் நடக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசையில் நிற்கும் மனிதன் தன் நேரத்தைப் பிறர் கையில் ஒப்படைத்து விடுகிறான். ஏன் தாமதம், எவ்வளவு தாமதம் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. சாலையில் ஒரு மணி நேரம் தாமதமானாலும், அந்த ஒரு மணியில் அவன் கை சக்கரத்தின் மேல் இருக்கிறது. கண்ணெதிரே காரணம் தெரிகிறது. வேண்டுமானால் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்திவிடலாம். ஷேர்ஷாவின் சாலையில் சென்றவன் அனுபவித்த பழைய உரிமை அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. காரை விரும்புவோர் வேகத்தைத் துறக்கவில்லை. தம் நேரத்தின் மீதுள்ள ஆட்சியை மீட்டுக்கொள்ளுகிறார்கள்.

இவ்வளவில் இப்பேச்சை முடித்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் செலவுக் கணக்கின் ஒரு பக்கத்தைத்தான் இதுவரை பார்த்தோம். அன்று ஜெய்ப்பூரில் என் நண்பர் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும் அல்லவா? இரவு உணவுக்குப் பின் அவர் மெல்லக் கூறினார். வெயில் வருமுன்னரே பனியில் விரைந்த வண்டிகள் நெடுஞ்சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கிடந்தனவாம். அவருடைய தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஊர் வரும் வரை பேசவில்லையாம். "காலையில் அம்மா என்னைத் தடுத்திராவிட்டால், நானும் ஆறு மணிக்கே புறப்பட்டிருப்பேன்" என்றார் அவர். விமானத்தை நிறுத்திவைத்த அதே பனி, சாலையில் எவரையும் நிறுத்தவில்லை. விமானி புறப்படக் கூடாது என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. கார் ஓட்டுபவனுக்கு அவ்வாறு சொல்ல, வாய்த்தால் ஒரு தாய் இருக்கிறாள், அவ்வளவுதான்.

மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் ஆகிறது. 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் விமானம் வீழ்ந்து, அதில் இருந்தோரும் தரையில் இருந்தோருமாக 260 பேர் மாண்டபோது நாடு முழுவதும் கண்ணீர் வடித்தது; வடித்தது தகும். ஆனால் 2022-இல் ஒவ்வொரு நாளும் அதைவிட மிகுதியானோர் சாலைகளில் இறந்தனர். அவர்களுக்காக நாடு ஒரு கணமும் நிற்கவில்லை. அவர்கள் ஒருவர், இருவராகப் பிரிந்து பிரிந்து இறந்தமையே காரணம். இறந்தவர்களுள் பத்துக்கு ஏழு பேர் மிதமிஞ்சிய வேகத்தால் நேர்ந்த விபத்துக்களில் மாண்டவர்கள். சீட் பெல்ட் அணியாமல் இறந்தோர் மட்டும் 16,715 பேர். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இறந்தோருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர் நடந்து சென்றவர்கள். காரில் செல்பவன் அனுபவிக்கும் சுதந்திரத்தின் விலையைப் பல வேளைகளில் வழியோரத்தில் நடந்து சென்ற மற்றொருவன் செலுத்திவிடுகிறான்.

சக்கரம் நம் கையில் இருக்கும்போது ஆபத்தும் நம் கைக்குள் அடங்கியிருப்பதாக ஓர் எண்ணம் எழுகிறது. அது மயக்கம். 2001 செப்டம்பருக்குப் பின் அமெரிக்க மக்களுள் பலர் விமானத்துக்கு அஞ்சிக் காரில் சென்றனர். அடுத்த ஓராண்டில் அதனால் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலைகளில் இறந்தனர் என்று ஜெர்மானிய உளவியலறிஞர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டுள்ளார். ஓர் ஆபத்துக்கு அஞ்சி அவர்கள் அதனினும் பெரிய ஆபத்தின் மடியில் சென்று அமர்ந்தனர்.

அங்ஙனமாயின் காரில் செல்வதைக் கைவிட வேண்டுமா? அவ்வாறு நான் கூறவில்லை. சாலையை விரும்புவோரின் காரணங்கள் நியாயமானவை என்பதை வரலாறே காட்டுகிறது. விமானப் பயணி தன் செலவைக் காத்திருப்பாகச் செலுத்துகிறான். சோதனை, வரிசை, தாமதம் ஆகிய மூன்றும் அவனுடைய உயிருக்கு அவன் கட்டும் காப்புத் தொகை. அத்தொகையைச் செலுத்த மறுத்துச் சாலைக்கு வருபவன், அதனை வேறு நாணயத்தில் செலுத்தியே ஆகவேண்டும். விழிப்பு, நிதானம், ஓய்வு என்பவையே அந்நாணயம். பின்னிருக்கையில் அமர்ந்தோரும் சீட் பெல்ட் அணிதல், இரவிலும் பனியிலும் பயணத்தைத் தள்ளிவைத்தல், கண் அயரத் தொடங்கியதும் வண்டியை ஓரங்கட்டுதல் ஆகிய இவற்றைச் செய்யாமல் சாலைக்கு வருபவன் உண்மையில் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை. தன் கடனைப் பிறர் தலையில் சுமத்துகிறான்.

இரண்டு குரோசத்துக்கு ஒரு சத்திரம் கட்டிய மன்னர், பயணி நிற்க வேண்டும் என்று எண்ணினார். புறப்படும் நாளைத் தள்ளிவைப்பதற்கென்றே நம் முன்னோர் ஒரு சொல்லைப் படைத்து வைத்தனர். என் நண்பரின் தாயார் தமிழ் அறியாதவர். செலவழுங்குதல் என்னும் சொல்லை அவர் கேட்டிருக்கவே முடியாது. ஆயினும் அன்று காலை மகனை மூன்றரை மணி நேரம் வீட்டில் இருத்திவைத்தபோது, அச்சொல்லின் முழுப்பொருளையும் அவர் அறிந்திருந்தார்.